போன எலும்பும் நின்ற மண்ணும்

ஜூலை 3 தமிழ்நாட்டில் அரசு விடுமுறை நாளல்ல. ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் சிப்காட் ஷிப்ட் வழக்கம்போல் மாறும். கர்நாடகத்தின் அத்திப்பள்ளிப் பக்கமிருந்து கம்பெனி பஸ்கள் வழக்கம்போல் எல்லையைக் கடந்து வரும். ஓசூரில் குடியேறிய மலையாளக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கோ அது கடன் திருநாள். ஷிப்ட் முடிந்த கையோடு பூசைக்குப் போகிறவர்களும் உண்டு, மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் முன்னால் கிளம்புகிறவர்களும் உண்டு. ‘துக்றானா’ என்று அவர்கள் சொல்லும் அந்த நாள் திருத்தூதர் தோமையாரின் நினைவுநாள். சீரோ மலபார் திருச்சபை அதைத் தன் சபை நாளாகவே வைத்திருக்கிறது. பக்கத்துத் தெருவில், லத்தீன் வழிபாட்டு முறையைப் பின்பற்றும் தமிழ்ப் பங்குகளிலும் அன்று தோமையார் திருநாள்தான். தேதி ஒன்று, புனிதர் ஒருவர். ஆனால் அன்று எதை நினைக்கிறோம் என்று கேட்டால் இரண்டு பதில்கள் வரும். அவர் குத்துண்டு இறந்த நாள் என்று ஒரு தரப்பு சொல்லும். அவருடைய எலும்புகள் ஊர்விட்டு ஊர் போன நாள் என்று இன்னொரு தரப்பின் நாள்காட்டி சொல்லும்.

இந்த எல்லைப் பகுதிக்கு அந்தக் கேள்வியோடு நேரடி உறவு உண்டு. 2017 அக்டோபரில் திருத்தந்தை பிரான்சிஸ் சீரோ மலபார் திருச்சபைக்கு ஓசூர் என்ற பெயரிலேயே ஒரு மறைமாவட்டத்தை ஏற்படுத்தினார். வட தமிழ்நாடும் புதுச்சேரியும் அதன் எல்லைக்குள் வருகின்றன. சென்னையும் அதில் அடக்கம். லத்தீன் வரைபடத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மறைமாவட்டத்தைச் சேர்ந்தது, மயிலாப்பூரோ சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்துக்கு உரியது. மலையாளிகளின் வரைபடத்தில் மட்டும் ஜூஜுவாடிச் சோதனைச் சாவடியும் தோமையார் கல்லறை இருக்கும் கடற்கரையும் ஒரே ஆயரின் கீழ் வருகின்றன, அதுவும் ஓசூரின் பெயரில். இங்குள்ளவர்கள் பலருக்கே இது தெரியாது.

முதலில் பழைய நாள்காட்டிகள். லத்தீன் திருச்சபை பல நூற்றாண்டுகள் தோமையார் திருநாளை டிசம்பர் 21-இல்தான் கொண்டாடியது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் கடைசி நாள்களில் ஒரு திருத்தூதரின் விழா குறுக்கே நிற்க வேண்டாம் என்று 1969-இல் நாள்காட்டியைத் திருத்தியபோது அதை ஜூலை 3-க்கு மாற்றினார்கள். ஏன் அந்தத் தேதி என்பதற்கு அவர்கள் காட்டிய ஆதாரம் சீரிய மரபு. புனித ஜெரோம் பெயரில் வழங்கும் பழைய லத்தீன் மறைசாட்சிகள் பட்டியலிலும் ஜூலை 3 என்பது தோமையாரின் உடல் எடெசாவுக்கு மாற்றப்பட்ட நாள். சீரிய நாள்காட்டி ஒன்று இதை இன்னும் நெருக்கிச் சொல்கிறது: இந்தியாவில் ஈட்டியால் குத்துண்ட தோமையார், அவர் உடல் எடெசாவில் இருக்கிறது, கபீன் என்ற வணிகன் கொண்டுவந்தான். சாவும் பயணமும் ஒரே பதிவில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கேரளம் அதன் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு கி.பி. 72 ஜூலை 3 என்று இறப்பு நாளைச் சொல்கிறது. ரோமாபுரி இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டது. இரண்டில் எது பழையது என்று கேட்டால், எடெசாவின் பாதிதான் என்று நான் நினைக்கிறேன். நாள்காட்டியில் எழுதி வைத்தவர்கள் எடெசாக்காரர்கள், விழா எடுத்தவர்களும் அவர்களே.

எடெசா இன்றைய துருக்கியின் தென்கிழக்கில் உள்ள உர்ஃபா நகரம். எலும்புகள் 232-இல் அங்கே வந்தன என்பது மரபு. வருடம் எதுவானாலும், நான்காம் நூற்றாண்டில் அவை அங்கே இருந்ததாக நம்பினார்கள் என்பதில் சந்தேகமில்லை. 373-இல் இறந்த சீரியக் கவிஞர் எப்ரேம், சாத்தானே புலம்புவதுபோல் ஒரு பாடல் கட்டியிருக்கிறார். இந்தியாவில் நான் கொன்றவன் எனக்கு முன்னால் எடெசாவுக்கு வந்து நிற்கிறானே என்பது அந்தப் புலம்பலின் சாரம். எலும்பைச் சுமந்து வந்த வணிகனும் அதில் வருகிறான். 380-களில் மேற்குக் கோடியிலிருந்து திருப்பயணம் வந்த எகேரியா என்ற பெண் அங்கே தோமையார் ஆலயத்தைக் கண்டு குறிப்பு எழுதினார். 394 ஆகஸ்ட் 22-இல் பேழையைப் பெரிய ஆலயத்துக்குள் கொண்டு வைத்ததாக எடெசாவின் ஆண்டுக்குறிப்பு சொல்கிறது.

விழா எப்படி நடந்தது என்று தெரிய வேண்டுமானால் பிரான்ஸ் தேசத்துத் தூர் நகர ஆயர் கிரகோரியிடம் போக வேண்டும். ஆறாம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுதியவர். எடெசாவுக்குப் போனவரல்ல, தியடோர் என்பவர் சொல்லக் கேட்டு எழுதினார். ஐந்தாம் மாதத்தில் விழா வரும். அவர்கள் கணக்கு மார்ச்சில் தொடங்குவதால் அது ஜூலை. நேர்த்திக்கடனோடும் சரக்கோடும் கூட்டம் பல திசைகளிலிருந்து திரளும். முப்பது நாள் சந்தை நடக்கும். அந்த முப்பது நாளும் வாங்குவோரும் விற்போரும் சுங்கம் கட்ட வேண்டியதில்லை. விழா முடிந்ததும் மழை கொட்டி ஆலய முற்றத்தைக் கழுவிவிடும் என்கிறார். மழையைப் பற்றி அவரவர் விருப்பம்போல் நம்பலாம். சுங்க விலக்கு எனக்கு முழுக்க நம்பத் தகுந்ததாகவே படுகிறது. ஜூஜுவாடி வணிகவரிச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்ற காலத்தை நினைவில் வைத்திருக்கும் எவருக்கும் முப்பது நாள் சுங்கம் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டியதில்லை. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்துதான் அந்த வரிசை கலைந்தது. எடெசாவில் ஒரு புனிதரின் எலும்பு வருடத்துக்கு ஒரு மாதம் அந்த வேலையைச் செய்தது. வணிகன் கொண்டுவந்த எலும்புக்கு வணிகர்கள் கூடிய திருவிழா. புனிதரின் எலும்பு போன்ற மிச்சத்துக்கு, அதாவது அருளிக்கத்துக்கு, எடுக்கும் திருவிழா என்றால் பக்தி மட்டும் என்று நினைப்பவர்கள் இந்தப் பத்தியைப் படிக்க வேண்டும்.

எலும்பின் மிச்சப் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1144-இல் எடெசா செங்கி என்ற ஆட்சியாளனின் படையிடம் விழுந்தது. பிறகு எலும்புகள் ஏஜியன் கடலின் கியோஸ் தீவில் இருந்ததாகச் சொல்கிறார்கள். 1258-இல் லியோனே என்ற கப்பல் தலைவன் அங்கிருந்து அவற்றை எடுத்து இத்தாலியின் அட்ரியாட்டிக் கரையிலுள்ள ஓர்த்தோனாவுக்குக் கொண்டுபோனான். 1566-இல் துருக்கியர் அந்த ஊரைக் கொளுத்தினார்கள், கல்லறை தப்பியது. எலும்புகள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. 1953 டிசம்பரில் கர்தினால் திசரான் அவற்றில் கை எலும்பு ஒன்றைக் கேரளத்தின் கொடுங்கல்லூர் அழிக்கோட்டுக்குக் கொண்டுவந்தார். மரபுப்படி தோமையார் கரையிறங்கிய இடம் அது. அவர் இறந்ததாகச் சொல்லப்படும் மயிலாப்பூருக்கு அது வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மயிலாப்பூருக்கு அப்படி ஒரு தேவை இருந்ததாகவும் தெரியவில்லை. எலும்பு போன பிறகு அந்தக் கல்லறைக்கு என்ன ஆயிற்று என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படும் பகுதி. அதற்கான விடை தோமையாரைப் பற்றிய மிகப் பழைய நூலிலேயே கிடக்கிறது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடெசா வட்டாரத்தில் சீரிய மொழியில் எழுந்தது ‘தோமையார் பணிகள்’. அதன் கடைசிக் காட்சியில், தோமையாரைக் கொல்லச் சொன்ன மஸ்தாய் அரசனின் மகனுக்குப் பேய் பிடித்துவிடுகிறது. திருத்தூதரின் எலும்பு ஒன்றை எடுத்து மகன்மேல் கட்டினால் சரியாகும் என்று அரசன் கல்லறையைத் திறக்கிறான். உள்ளே எலும்பு இல்லை. சகோதரர் ஒருவர் முன்பே மறைவாக மேற்கே கொண்டுபோய்விட்டார். எலும்பு கிடந்த இடத்து மண்ணை அரசன் எடுத்து மகனுக்குக் கட்டுகிறான். மகன் குணமடைகிறான். கதையின் வரலாற்று மதிப்பு தனி விவகாரம். ஆனால் எலும்பு ஒரு ஊருக்கு, மண் ஒரு ஊருக்கு என்ற பாகப்பிரிவினை அங்கேயே எழுதப்பட்டுவிட்டது.

ஆயிரம் ஆண்டு கழித்து அந்தப் பாகப்பிரிவினை நடைமுறையில் இருந்ததை மார்க்கோ போலோ காட்டுகிறார். 1292 வாக்கில் மாபார் என்று அராபியர் அழைத்த இந்தக் கரைக்கு வந்தவர். திருத்தூதர் உயிர் விட்ட இடத்துச் செம்மண்ணைக் கிறிஸ்தவர்கள் எடுத்துப்போய், முறைக்காய்ச்சலில் கிடப்பவர்களுக்குக் கரைத்துக் கொடுப்பதாக எழுதினார். முஸ்லிம்களும் அங்கே திருப்பயணம் வருவதாகவும், தோமையாரைப் பெரிய மகான் என்று மதிப்பதாகவும் குறித்தார். மயில் வேட்டைக்கு வந்தவனின் அம்பு தவறிப் பட்டு அவர் இறந்தார் என்ற உள்ளூர்க் கதையையும் சேர்த்தார். ஈட்டியும் இல்லை, அரசனும் இல்லை, மயில் மட்டும் உண்டு. இந்தக் கதை மயிலாப்பூருக்கே உரியது என்று அதிலேயே தெரிகிறது. அதே காலத்தில் சீனா போகும் வழியில் ஜான் மொந்தெகொர்வீனோ என்ற பிரான்சிஸ்கன் துறவி இங்கே பதின்மூன்று மாதம் தங்கி, நூறு பேர் வரை திருமுழுக்குக் கொடுத்தார். உடன் வந்த துறவி ஒருவரை அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்துவிட்டுப் போனார். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியரான துவார்த்தே பார்போசா எழுதும்போது நிலைமை மாறியிருந்தது. ஆலயம் இடிந்து கிடக்க, ஏழை முஸ்லிம் ஒருவர் பிச்சை எடுத்து எண்ணெய் வாங்கி அங்கே விளக்கெரிய வைத்திருந்தார்.

மண்ணை மருந்தாக்குவது மயிலாப்பூர்க்காரர்களின் தனிக் கண்டுபிடிப்பல்ல. மறைசாட்சிகளின் கல்லறை மண்ணை எண்ணெயும் நீரும் சேர்த்துக் குழைத்து, நோயாளிக்குப் பூசவும் திருமணக் கிண்ணத்து ரசத்தில் கலக்கவும் செய்யும் வழக்கம் கிழக்குச் சீரியத் திருச்சபையில் உண்டு. அதற்கு ‘ஹ்னானா’ என்று பெயர். போர்த்துகீசியர் வருவதற்கு முன்பே கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்கள் மலை கடந்து மயிலாப்பூர் வந்து மண் எடுத்துப் போனதற்குக் காரணம் இதுதான்.

பிறகு போர்த்துகீசியர் வந்தார்கள். 1517-இல் ஆர்மேனிய வணிகர்கள் வழிகாட்ட முதலில் பார்த்துவிட்டுப் போனவர்கள், 1523-இல் கல்லறையைத் தோண்டினார்கள். வெண்ணிற எலும்புகளும் ஒரு ஈட்டி முனையும் மண் நிரம்பிய ஒரு பானையும் கிடைத்ததாக அறிவித்தார்கள். எடெசாவும் ஓர்த்தோனாவும் ‘எல்லாம் எங்களிடம்’ என்று சொல்லிக்கொண்டிருக்க, இங்கே எலும்பு எப்படி மிஞ்சியது? கல்லறையை முழுதாகக் காலி செய்யவில்லை, சிலது விட்டுப்போயிருக்கலாம் என்பது பக்தர்களின் விடை. அங்கே பிற்காலத்தில் புதைத்த யாருடைய எலும்பாகவும் இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விடை. மொந்தெகொர்வீனோவின் தோழரே அங்கேதான் கிடந்தார் என்பதை மறக்கக் கூடாது. புதிதாக வந்து இறங்கிய ஒரு பேரரசுக்குத் திருத்தூதரின் கல்லறை கிடைப்பது எவ்வளவு வசதி என்பதையும் சேர்த்துத்தான் 1523-ஐப் படிக்க வேண்டும். தோண்டியதில் வந்த பானை மண்ணை மட்டும் நான் சந்தேகிக்கவில்லை. எலும்பையும் இரும்பையும் விட, அந்த இடத்தில் நெடுங்காலம் நடந்துவந்த வழக்கத்துக்கு அதுதான் பொருத்தமான சாட்சி.

1547-இல் பரங்கிமலையில் பஹ்லவி எழுத்துப் பொறித்த ஒரு கற்சிலுவை கிடைத்தது. பாரசீகக் கிறிஸ்தவர்கள் இந்தக் கரையில் இருந்ததற்கு அது உறுதியான சான்று. 1558 டிசம்பர் 18 பூசையின்போது அந்தச் சிலுவை வியர்த்தது என்றும், 1704 வரை சில முறை அப்படி நிகழ்ந்தது என்றும் திருச்சபை ஏடுகள் சொல்கின்றன. சாந்தோமில் போர்த்துகீசியர் எழுப்பிய ஆலயத்தை 1893-இல் இடித்துவிட்டு ஆங்கிலேயர் காலத்தில் கட்டிய வெள்ளைக் கோத்திக் ஆலயம் 1896-இல் அர்ச்சிக்கப்பட்டது, 1956-இல் பசிலிக்கா ஆயிற்று. 1986 பிப்ரவரி 5-இல் இரண்டாம் ஜான் பால் அங்கே கல்லறைமுன் செபித்தார். 2004-இல் கல்லறைக்குத் தனி வழியுடன் நிலத்தடிச் சிற்றாலயம் அமைத்தார்கள்.

அருளிக்க வணக்கத்துக்குத் திருச்சபை வகுத்த விதிகளை நீட்ட வேண்டியதில்லை. புதிய ஆலயத்தை அர்ச்சிக்க மறைசாட்சியின் அருளிக்கம் வேண்டும் என்றது 787-இன் இரண்டாம் நிசேயாச் சங்கம். 1543-இல் கால்வின் ஐரோப்பாவின் எலும்புக் கணக்கைக் கிண்டலடித்து ஒரு நூலே எழுதினார். 1563-இல் திரெந்துச் சங்கம் வணக்கத்தைக் காத்து, ஆயருக்குத் தெரியாமல் புதிய அருளிக்கம் எதையும் ஏற்கக் கூடாது என்றது. இன்றைய திருச்சபைச் சட்டம் அருளிக்கத்தை விற்கக் கூடாது என்கிறது. இவை எல்லாம் பேழைக்குள் வைக்கத்தக்க பொருளை மனத்தில் கொண்டு எழுதிய விதிகள். தமிழ்நாட்டுப் பக்தர் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போகும் மண் இவற்றுக்குள் சரியாக அடங்குவதில்லை.

அந்த மண் மயிலாப்பூரோடு நிற்கவும் இல்லை. அருளானந்தர் என்ற ஜான் தெ பிரித்தோவை 1693 பிப்ரவரி 4-இல் சேதுபதியின் ஆட்சியில் ஓரியூரில் வெட்டினார்கள். 1947-இல் அவர் புனிதரானார். ஓரியூருக்குப் போகிறவர்கள் தேடுவது செம்மணல். அவருடைய இரத்தத்தில் நிறம் மாறியது என்று நம்பி வீட்டுக்குக் கொண்டுவந்து நெற்றியில் பூசுகிறார்கள், பிள்ளை வரத்துக்கும் கேட்கிறார்கள். மறைசாட்சி தேவசகாயத்தின் கதையில் எலும்பு எங்கும் போகவில்லை. 1752 ஜனவரி 14-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவரின் எலும்புகள் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. 2022 மே 15-இல் அவர் புனிதரானார். இருந்தாலும் கூட்டம் காற்றாடிமலைக்கும், தட்டினால் மணிபோல் ஒலிக்கும் பாறைக்கும், புலியூர்க்குறிச்சியில் நீர் சுரக்கும் முட்டிடிச்சான் பாறைக்கும் போகிறது. எலும்பு பக்கத்திலேயே இருக்கும்போதும் விழுந்த இடம் தன் பங்கைக் கேட்டு வாங்குகிறது. சவேரியார் இதற்கு நேர் எதிர். 1552-இல் சீனக் கரையோரத் தீவில் இறந்தவர், உடல் கோவாவில் இருக்கிறது. 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை நடந்த திருக்காட்சிக்கு இங்கிருந்தும் வேன் பிடித்துப் போனார்கள். அங்கே எடுத்து வர மண் எதுவும் இல்லை. பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் நிற்கும் நடுகற்களோடு இதை வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. தமிழகத்திலேயே நடுகற்கள் அடர்ந்த நிலம் இது. ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனுக்கு அவன் விழுந்த இடத்திலோ ஊர் எல்லையிலோ கல் நட்டார்கள். கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் வாழ்த்துவது வரை தொல்காப்பியம் படிப்படியாகச் சொல்கிறது. அந்த வரிசையில் எலும்பு வரவில்லை, உடலைப் பற்றிய பேச்சே இல்லை. தோமையார் வணக்கம் இதிலிருந்து வந்தது என்று சொல்ல எனக்கு ஆதாரம் கிடையாது, எடெசாவின் ஹ்னானாவே அதற்குப் போதுமான காரணம். ஆனால் விழுந்த இடத்துக்கு மரியாதை செய்யும் பழக்கமுள்ள மண்ணில் அந்தச் சீரிய வழக்கம் வேர் பிடிக்கச் சிரமப்பட்டிருக்காது.

தோமையார் வந்தாரா என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. அவர் மயிலாப்பூரில் இறந்தார் என்று நிறுவும் முதல் நூற்றாண்டுச் சான்று எதுவும் இல்லை. ‘தோமையார் பணிகள்’ சொல்லும் கொந்தபோரஸ் அரசன் உண்மையில் இருந்தவன் என்பதை நாணயங்கள் காட்டின. ஆனால் அவன் ஆண்டது இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கில். 2006 செப்டம்பரில் பதினாறாம் பெனடிக்ட் ஓர் உரையில், தோமையார் மேற்கு இந்தியா வரை வந்தார், அங்கிருந்து கிறிஸ்தவம் தெற்கே போயிற்று என்று சொல்ல, கேரளத்தில் பெரும் சலசலப்பு எழுந்தது. வெளியிடப்பட்ட பாடத்தைப் பிறகு திருத்த வேண்டியதாயிற்று. மறுபுறம், மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் முன்பு கடலோரத்தில் இருந்தது, போர்த்துகீசியர் காலத்துக்குப் பிறகே இன்றைய இடத்துக்கு வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. அதை வைத்துச் சாந்தோமை மறுக்கும் எழுத்தும் நிறைய வந்திருக்கிறது. இரண்டு உண்மைகளும் ஒன்றை ஒன்று அழிப்பதில்லை. போர்த்துகீசியர் கோயிலுக்குக் கேடு செய்திருக்கலாம். அவர்களுக்கு இருநூறு ஆண்டு முன்பே அங்கே ஒரு தோமையார் கல்லறை இருந்ததற்கு மார்க்கோ போலோ சாட்சி. எலும்புக் கதையும் அந்த ஊரில் தோமையாருக்கு மட்டும் சொந்தமல்ல. பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் எலும்பையும் சாம்பலையும் தந்தை குடத்தில் காத்துவைத்திருக்க, சம்பந்தர் பாடி அவளை எழுப்பினார் என்று பெரியபுராணம் சொல்வது இதே மயிலாப்பூரில்தான்.

ஓசூரில் இரண்டு வழிபாட்டு முறையினரும் ஜூலை 3-ஐ ஒரே விழாவாக எடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் அவசரம் தெரியவில்லை. மலையாளிகளுக்கு அது தங்கள் சபை பிறந்த கதை, தமிழ்ப் பங்கினருக்கு வருடத்தில் வரும் திருத்தூதர் விழாக்களில் ஒன்று. தமிழர்களின் நேர்ச்சையும் கொடியேற்றமும் தேர்பவனியும் வேறு புனிதர்களுக்கு, வேறு மாதங்களில் நடக்கின்றன. எலும்பு மாற்றப்பட்ட நாள் என்ற பழைய பொருள் இரு தரப்பு மறையுரைகளிலும் அரிதாகத்தான் வருகிறது. அது வந்தால் நல்லது. ஒரு வணிகன் சுமந்து போனதால் உண்டான விழா என்பதைச் சரக்கு லாரிகளின் ஊரில் சொல்வதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

இந்திய அஞ்சல் துறை தோமையாருக்கு இரண்டு முறை அஞ்சல்தலை வெளியிட்டிருக்கிறது. 1964 டிசம்பர் 2-இல், ஆறாம் பவுல் பம்பாய்க்கு வந்த நாளில் வந்த 15 பைசாத் தலையில் ஓர்த்தோனா ஆலயத்தின் தோமையார் உருவம் இருந்தது. 1973-இல், அவர் இறந்து பத்தொன்பது நூற்றாண்டு ஆனதற்காக வந்த 20 பைசாத் தலையில் பரங்கிமலையின் கற்சிலுவையை அச்சிட்டார்கள்.